காரணம் கேட்ட கட்டத்தில் இரண்டு பக்கம்

என் மனைவிக்கு முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போயாக வேண்டும் என்பது இந்த மாவட்டத்தில் ஐந்தாறு அலுவலகங்களுக்குத் தெரியும். வம்புப் பேச்சாக இல்லை, எண் போட்ட கோப்பாக. தெரிவித்தவன் நான்தான். இரண்டு பக்கம், நல்ல தமிழில், மூன்று பிரதிகள்.

அதை மறுபடியும் எழுதுகிறாயே என்று கேட்கலாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, இனிமே தெரியாதவங்க யாரு இருக்காங்க" என்றாள்.

ஒரு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த தொந்தரவு அது. என்ன அறுவைச் சிகிச்சை என்று சொல்லப்போவதில்லை. நடந்ததிலிருந்து அந்த மட்டுக்காவது கற்றுக்கொண்டிருக்கிறேன். அவள் பஸ் ஏறுவதை விட்டாள். கல்யாணங்களை விட்டாள். திருநாவலூரில் தம்பி பெண்ணுக்குக் காது குத்தியபோது மொய்யை மட்டும் அனுப்பினாள். எங்கள் மொட்டை மாடியில் நின்றால், மழை விட்ட நாளில் கல்வராயன் மலை தெரியும். ஒருதரம் மேலே போய் வரவேண்டும் என்பாள், அவ்வளவுதான் அவளுடைய ஆசை. கச்சிராயபாளையம் தாண்டி ரோடு ஏற ஆரம்பித்தால், ஆம்பளைகளுக்கு வழி நெடுக வசதி. வண்டியை ஓரம் கட்டித் திரும்பி நின்றுகொண்டால் போதும். பெண்களுக்கு ஒன்றுமே கிடையாது.

அப்போதுதான் மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் மஞ்சள் மினி பஸ் விலைக்கு வந்தது. வாங்கினேன். பன்னிரண்டு சீட்டையும் கழற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தேன். ஆசாரியை வைத்து ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு மேடை, பின்பக்கம் தடுப்புப் போட்டு ஒரு சின்னக் கழிப்பறை. பீங்கான் சாமான் விற்ற கடை பாய், "எந்த வூட்டுக்கு சார்?" என்றார். வண்டிக்கு என்றேன். பில்லில் கேரண்டி என்ற வார்த்தையை நிதானமாக அடித்துவிட்டுக் கொடுத்தார். அந்த ஊரில் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

எல்லாம் முடிந்தபின் இன்சூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் தெருக்காரர். உள்ளே ஏறிப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், இறங்கிவிட்டார். "பாலிசியில இது ஸ்கூல் வண்டிங்க. இப்ப நீங்க ஒரு ஆட்டுக்குட்டிய இடிச்சாக்கூட கம்பெனி கைய விரிச்சிடும். மொதல்ல ஆர்.சி.ல மாத்திக்கினு வாங்க."

போக்குவரத்து அலுவலகத்தில், மாற்றுவதற்கு முன்னால் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். சரி, போனது போகட்டும், விண்ணப்பம் கொடுத்துவிட்டு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுவாருங்கள், செல்லுபடியாகும் இன்சூரன்ஸோடு என்றார்கள். இன்சூரன்ஸுக்கு ஆர்.சி. வேண்டும், ஆர்.சி.க்கு இன்சூரன்ஸ் வேண்டும். தலையணை தலையணையாக நாவல் படித்த நான், நாலு பக்கப் பாலிசியை அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். அதன் கதாநாயகன் நான்தான் என்பதும், முதல் பத்தியிலேயே செத்துவிடுகிறேன் என்பதும் தெரிந்தது.

விண்ணப்பத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் மேசை போட்டுப் படிவம் நிரப்பித் தருபவர், "சொந்த உபயோகம்னு போடுங்க சார். அதுக்கு மேல ஒரு எழுத்து வாணாம்" என்றார். எழுத்து வேண்டாம் என்று, கதை எழுதுகிற என்னிடமே சொல்கிறாரே என்று எனக்குக் கோபம். 'இணைப்பு காண்க' என்று போட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாவது பத்தியில், அவள் கடைசியாகப் போன பஸ் பயணத்தையும், கச்சிராயபாளையம் நிறுத்தம் வருவதற்குள் நடந்துவிட்டதையும், புடவையை மறைத்துக்கொண்டு அவள் இறங்கிய விதத்தையும் எழுதியிருந்தேன். நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

பிரிவு எழுத்தர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசைக்கும் படிக்கக் கொடுத்தார். எப்படியாவது உதவ வேண்டும் என்று தவித்து, கோப்பை மாற்றுத்திறனாளி வாகனம் என்ற பிரிவில் சேர்த்தார். அதில் சேர்த்தால் மருத்துவக் குழு முன் சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும். வண்டியை அவரே ஓட்டவும் வேண்டும். என் மனைவிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கெட்டவர்கள் கையில் கோப்பு சிக்கியிருந்தால் வெறுமனே தூங்கியிருக்கும்.

மருத்துவக் குழு முன் ஆஜராகச் சொல்லிப் பழுப்பு உறையில் கடிதம் வந்த காலையில் நான் முடிவெட்டப் போயிருந்தேன். திரும்பியபோது அவள் அதைப் படித்து முடித்து, கீழே 'நகல், மனு இணைப்புடன்' என்று போட்டிருந்த அலுவலகங்களின் பட்டியலை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். மனுவின் பிரதியைக் கேட்டாள். கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

"அரை மணி இல்ல, முக்கா மணி" என்றாள் முதலில்.

கொஞ்சம் கழித்து, "இந்த மூணாவது பத்தி இன்னாத்துக்குங்க? எங்க அக்காவுக்கே நான் சொல்லல" என்றாள்.

பதில் தெரிந்திருந்தால் அதையும் எழுதி இணைத்திருப்பேன்.

மருத்துவக் குழுவுக்கு அவள் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சம்பந்தப்பட்டவர் ஆஜராகாததால் மனு முடித்துவைக்கப்பட்டது. புதிதாக 'சொந்த உபயோகம்' என்று எழுதிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் வண்டி எண்ணைத் தட்டியதும் பழைய காரணம் வந்து நின்றது. ஒரே வண்டிக்கு இரண்டு காரணம் எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. படிவம் நிரப்புபவர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார், பெருந்தன்மைதான். இருந்த பாலிசியும் காலாவதியானது. வண்டி வீட்டை ஒட்டி நிற்கிறது. அதன் கழிப்பறையை இதுவரை யாரும் பயன்படுத்தவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. அடுத்த தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். அவர் வீட்டுக்காரர், நகல் போன அலுவலகம் ஒன்றில் உதவியாளர். காய்கறிக்கடையில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப பரவால்லியா?" என்று பரிவாக விசாரித்தாராம். அன்றிலிருந்து கடைக்கு நான்தான் போகிறேன். முன்பு பஸ் ஏறாதவள், இப்போது தெருவிலும் இறங்குவதில்லை.

போன வாரம் மழை விட்டிருந்தது. துணி எடுக்க இருவரும் மாடிக்குப் போனோம். மலை நன்றாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி, அந்த மனுவை எவ்வளவு யோசித்து எழுதினேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டபடி கேட்டாள்.

"ரெண்டு பக்கம் எழுதினீங்க. மல ரோட்டுல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்கன்னு அதையே எழுதி இருக்கலாமில்ல?"