தினமும் பயன்படுத்தாத கணினி

வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, தினமும் பயன்படுத்தும் கணினியில் நிறுவக் கூடாது என்று, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை உருவாக்கும் குழு அறிவித்திருந்தது. சங்கரன்கோவிலில் தாலுகா அலுவலக விதிகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், மீறுவேனா? மனைவியின் மடிக்கணினியில் நிறுவினேன். அதை நான் தினமும் பயன்படுத்துவதில்லை.

சாயங்காலம் அவளுடைய ஆன்லைன் தையல் வகுப்பு தொடங்கியது. மாணவிகள் திரையில் காதைத் தொட்டுக் கையை விரித்தார்கள்.

"என் கம்ப்யூட்டர என்ன செஞ்சிய?"

"விதிப்படிதான் செஞ்சேன். சத்தம் வரலைன்னு குழுவுக்கு எழுதுதேன், சரி பண்ணிருவாக."

"வகுப்பு இப்பம்லா நடக்கு?" என்று என் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டுப் புகார் அனுப்பினேன். என் கணினி இன்னும் திரும்பவில்லை. ஆகவே சோதனைப் பதிப்பைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். விதிமீறலுக்கு அவளே பொறுப்பு என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.