ஒர்வானின் மேலங்கி

ரகசியப் பயணிகள் சங்கத்தார் செல்லும் வழிகளை அவர்களுடைய மேலங்கியின் உட்புறத்தில் தைத்துக் கொடுப்பவள் மிரேல்கா. ஒருவர் இறந்தால் அந்தத் தையலை அவளே பிரித்துவிட வேண்டும். இன்று அவள் மடியில் கிடந்தது கணவன் ஒர்வானின் மேலங்கி.

“அக்கா, பிரிச்சாச்சா?” என்றான் சங்கத்து ஆள் கெஸ்லோ.

“நான் முதல் அங்கி தைச்சப்ப நீ தொட்டில்ல கத்திக்கிட்டிருந்தே. பொறுடா!”

பனிமலையும் பேசும் காடும் நூலாக உதிர்ந்தன. அவற்றைத் தைத்த நாட்களில் ஒர்வான் அருகிலிருந்து செய்த கேலியெல்லாம் காதில் கேட்டது. ஓரத்தில் அவள் தைக்காத கோணல் தையல் ஒன்று: சாய்ந்த புகைபோக்கியோடு அவர்கள் வீடு. எந்தக் காட்டில் உட்கார்ந்து தைத்தானோ! மிரேல்கா உடைந்து அழுதாள்.

“வழியைத்தானே பிரிக்கணும்?”

“ஆமாக்கா.”

“இது என் வீடு. பிரிக்க மாட்டேன்.”

கெஸ்லோ நூல்களை மட்டும் அள்ளிக்கொண்டு போனான்.