ஆலிவ் பச்சைக்கு வந்த ஒரு வரி பதில்

ஸ்டீம் அயர்னின் ஈரச் சூடு. புதுத் துணியின் வாசனை. நடுவே, திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்...

மண்ணரை என்ற பகுதியில் ஒரு பனியன் கம்பெனி. என் முதல் வேலை. சிஸ்டம் இன்சார்ஜ் என்று பெயர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கோமதி அக்கா அங்கே மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் துணியின் நிறத்துக்கு ஓகே வாங்குவது அவர் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருடைய மெயில் திறக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் சில நாள் திறந்திருக்காது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

அன்று காலை பையரின் உள்ளூர் ஆபீசிலிருந்து போன்.

"அந்த ஆலிவ் பச்சைக்கு நாங்க ஓகே சொல்லவே இல்லீங்களே. மூணு மணிக்கு நேர்ல வர்றோம்."

கீழே கட்டிங் டேபிளில் அதே பச்சை அடுக்கடுக்காக வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

ஓகே வந்திருந்தது. மெயிலில். அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் நினைவைப் பிரிண்ட் எடுக்க முடியாது. மெயில் கிடைக்காவிட்டால் தவறு அவர் தலையில். வேலை போய்விடும்.

எங்கள் மெயில்கள் அவரவர் மெஷினுக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும். இருப்பது அக்காவின் மெஷினில் உள்ள ஒரே ஃபைல்.

அக்கா அவசரமாக மெயிலைத் திறந்தார். நின்றது. திரை வெளுத்தது. பவர் பட்டனை அழுத்தி அணைத்தேன். மறுபடி நின்றது. மறுபடி அணைத்தேன். மூன்றாவது முறை, ஃபைல் பழுதாகிவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி.

என் விரல் செய்த வேலை.

"போச்சா கண்ணு?"

"இல்லீங்க்கா. எடுத்தே ஆகோணும்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க கோமதி, உங்க மெயில் எந்திரிச்சுதுங்களா? இல்ல, காப்பி குடுத்து எழுப்போணுங்களா?"



ஆன்டிவைரஸை நிறுத்தினேன். நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். ஃபைலை நகல் எடுத்தேன். அதன் அளவைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. நிறம் பிசகக் கூடாது என்று ஒவ்வொரு துணித்துண்டையும் இருப்பதிலேயே பெரிய அளவில் ஸ்கேன் செய்வார்கள். ஒவ்வொரு பதிலோடும் அதே படம் போய்வரும். எதையும் அழிப்பதில்லை. யாராவது ஒருநாள் "சொல்லவே இல்லீங்களே" என்பார்கள் அல்லவா?

நகலின் மேல் ரிப்பேர் புரோகிராமை ஓட்டினேன். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு கால்வாசி நகர்ந்து நின்றது. நாட் ரெஸ்பாண்டிங்.

பத்து நிமிடம். இருபது. ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் மினுங்கியது. உள்ளே ஏதோ நடக்கிறது... தெரியும். ஆனாலும் விரல் பவர் பட்டனை நோக்கிப் போனது.

"கையை எடு கண்ணு."

அக்கா ஜிக்ஜாக் கத்தரியை என் கையில் திணித்தார். "மீட்டிங்குக்கு சாம்பிள் துண்டு வெட்டோணும். அந்தக் கை சும்மா இருந்தா எம் பொழப்பை முடிச்சுப்போடும்."

வெட்டினேன். அவர் அட்டையில் ஒட்டினார். இரண்டு மணி. கோடு அரை அங்குலம் நகர்ந்தது. வெட்டினேன். கட்டைவிரலில் கத்தரியின் வளையம் பதிந்தது. வெட்டினேன்.

இரண்டே முக்காலுக்கு முடிந்தது. மெயில் திறந்தது.

தேடச் சொன்னால் மறுபடி நின்றுவிடுமோ என்று பயம். தேடவில்லை. அளவு வாரியாக அடுக்கினேன். இத்தனை நாள் அதை மூச்சுத் திணற வைத்த ஸ்கேன்கள் எல்லாம் மேலே வந்தன. ஏழாவது வரி, ஆலிவ். அக்கா அனுப்பிய படம். அதற்கு மேலே ஒரே வரியில் பதில்: ஓகே, சாயம் போடலாம்.

மூன்று மணிக்கு வந்தவர் பிரிண்டை இரண்டு தடவை படித்தார்.

"சரிங்க" என்றார்.

டீ சொல்ல அக்கா எழுந்தார்.

இப்போது எனக்கு வேறு ஊர், வேறு வேலை. போன வாரம் அக்காவிடமிருந்து மெசேஜ்.

"போன்ல மெயில் தொறக்க மாட்டீங்குது கண்ணு. வட்டம் சுத்தீட்டே இருக்குது."

"கத்தரியை எடுங்க்கா."

"அதெங்க இருக்குது இப்ப... எல்லாம் போட்டோவுலயே ஓகே ஆயிருதே."

ஏதோ எழுத ஆரம்பித்தேன். அதற்குள் அடுத்த மெசேஜ்.

"தொறந்துருச்சு."

வட்டம் நின்றதும் பேச்சும் நின்றது.