பச்சைக் கிழமை

எங்கள் வீட்டில் கிழமைகளுக்குக் கலர் உண்டு. திங்கள் பச்சை, செவ்வாய் மஞ்சள், புதன் சிவப்பு, வியாழன் ராகியின் பழுப்பு, வெள்ளி முட்டையின் வெள்ளை. மர்பி டவுனில் ஒன்றரை ரூம் வீட்டில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை அம்மா பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடமே பார்க்காத அம்மா, பிள்ளைகளின் உடம்பில் என்ன சேர வேண்டும் என்பதைக் கலரில்தான் யோசிப்பாள். ஒரு வாரத்தில் ஒரு கலர் இரண்டு முறை வரக் கூடாது, அது சட்டம். காலையில் வரும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும்போதே, "ஆன்ட்டி, இன்னிக்கு இன்னா கலர்?" என்று கேட்கும். கையில் சிப்ஸ், பிஸ்கட் எது இருந்தாலும் வாசல் ஆணியில் தொங்கும் ஒயர் கூடையில் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அடுப்பில் எல்லாருக்கும் ஒரே குண்டான். பெற்ற பிள்ளை என்று எனக்குச் சலுகை எதுவும் இல்லாததில் எனக்கு நிறைய வருத்தம் இருந்தது.

கலர்களில் எனக்குப் பகை பச்சையோடு. கீரையைத் தட்டின் அடியில் ஒட்டவைத்து, தட்டு காலி என்று காட்டும் வித்தை எனக்கு எட்டு வயதிலேயே கைவந்திருந்தது. தட்டைக் கழுவுவது அம்மாதான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கோடை லீவு விட்டதும் ஒருநாள் அம்மா என்னை ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த சிஸ்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். "போயி அந்த வெயிட் மிஷின் மேல நில்லு, ராஜா" என்று என்னை அனுப்பிவிட்டு, அம்மாவிடம் கன்னடத்தில் என்னவோ சொன்னார். முள் ஆடுவதை நான் குதித்துக் குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் அம்மா தள்ளுவண்டிக்காரரிடம் நின்றாள். "நாளைலேந்து தெனம் சொப்பு எடுத்து வைண்ணா" என்றாள். சொப்பு என்றால் எங்கள் பக்கத்தில் கீரை. கூடவே எலுமிச்சம்பழமும் வாங்கினாள்.

மறுநாளிலிருந்து சட்டம் உடைந்தது. மஞ்சள் நாளிலும் கீரை, சிவப்பு நாளிலும் கீரை, மேலே எலுமிச்சை பிழிந்து. பத்து மணி டீயும் நின்றுபோனது.

அந்த வாரம்தான் புதிதாக ஒரு பாப்பா வந்து சேர்ந்தாள். நாலு வயது இருக்கும். அவள் அம்மாவுக்கு வைட்ஃபீல்டில் ஒரு அப்பார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. டீயும் பன்னும் தவிர எதுவும் பாப்பாவுக்குத் தொண்டையில் இறங்காது. எங்கள் வீட்டில் அந்த இரண்டுக்கும் வழியில்லை. முதல் இரண்டு நாள் தட்டை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவள் அம்மா வந்து, வாசலிலேயே கண் கலங்கினார்.

"மூணு மாசமா ஜுரம் மாத்தி ஜுரம்க்கா. இங்கயும் துன்னலன்னா நான் வேலைய வுட்டுட்டு வூட்டோட உக்காந்துட வேண்டிதுதான்."

"இந்த வாரம் பொறு. வேலைய வுடுறதப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றாள் அம்மா.

அன்று ராத்திரி அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ரகசியக் குரலில் ஒரு உத்தியோகம் கொடுத்தாள். நான் பாப்பாவின் தட்டிலிருந்து திருட வேண்டும்.

"நீ எடுத்தாதான் அவளுக்கு ரோஷம் வரும், புடுங்கித் துன்னுவா. ஆனா ஒளிச்சி கிளிச்சி வெக்கக் கூடாது. அவ எதிர்லயே வாயில போட்டு மெல்லணும். நல்லாருக்குன்னு மூஞ்சில தெரியணும், இன்னா?"

அனுமதியோடு திருடுவது என்பது எவ்வளவு பெரிய பதவி! மறுநாள் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பெரிய கீரைச் சோற்று உருண்டையை எடுத்து வாயில் போட்டேன். மென்றுகொண்டே முகத்தில் சிரிப்பைப் பூசிக்கொண்டேன். பாப்பாவுக்கு ரோஷம் வரவில்லை. தட்டையே என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"எல்லாம் நீயே துன்னுண்ணா."

பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நான் அம்மாவைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குடுத்தா துன்னுடா" என்றாள். பிறகு பாப்பாவிடம், "கண்ணு, அண்ணனுக்குத் தானா துன்னத் தெரியாது. நீயே ஊட்டி வுடு. ஆனா சூடா இருக்கான்னு மொதல்ல நீ ஒரு வாய் பாத்துட்டுதான் குடுக்கணும்" என்றாள்.

அதற்குப் பிறகு என் பாடு திண்டாட்டம். பாப்பா என் அம்மாவைப் போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஆ காட்டு. முழுங்கு. நாக்க நீட்டு" என்று என்னை வாட்டி எடுத்தாள். ஒரு வாய் அவளுக்கு, ஒரு வாய் எனக்கு. அண்ணனின் வாய் சுட்டுவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அவ்வளவு கவலை. வெள்ளிக்கிழமை அவள் அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். மகள் தன் பங்கு முட்டையைத் தின்றுவிட்டு என் வாயை அதட்டித் திறக்கவைப்பதை வாசலிலேயே நின்று பார்த்தார். ஒயர் கூடையில் கிடந்த பன்னை எடுத்துப்போகவும் மறந்துவிட்டார். வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

லீவு முழுக்க இப்படியே போனது. என் உத்தியோகத்தை ஒருநாள் கூடத் தவறவிட்டதில்லை நான்.

பள்ளி திறப்பதற்கு முன்னால் அம்மா மறுபடி ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப்போனாள். சிஸ்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "அட, பரவால்லயே!" என்றார். அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பாப்பாவின் விஷயம் சிஸ்டருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான் சிஸ்டர் அவள துன்ன வெச்சேன்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சாப்பிட ஆரம்பித்தவள் பாப்பா. அப்படியிருக்க, அவளை வீட்டில் விட்டுவிட்டு என்னை மட்டும் ஏன் கூட்டிவந்தாய் என்று அம்மாவிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.