பறுவமும் பாழாய்ப்போன முகிலும்

கலியாணப் படம் எடுக்கும் தொழிலுக்கு வரும் இளையவர்களே, நிலவு வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துவிட்டு ஒரு மாலை இரணைமடுக் குளக்கட்டில் ட்ரைபொட்டை விரித்து நின்றேன். வானம் முழுக்க முகில்.

மாப்பிள்ளைக்கு மறுநாள் பிரான்சுக்கு விமானம். பெண்ணுக்கு விசா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் பறுவத்து முழுநிலவோடு இருவரும் நிற்கும் ஒரு படம் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். ஃபிளாஷ் அடித்தால் ஸ்டூடியோப் படம்போல ஆகிவிடுமாம், அதுவும் கூடாது. கலண்டரில் பௌர்ணமிப் போயாவைப் பார்த்து நாள் குறித்த மடையன் நான்தான்.

நான் வாய்விட்டே முகிலைத் திட்டினேன். பெண்ணின் தகப்பனுக்குப் பொறுக்கவில்லை. வயல் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் மனிதர்.

"தம்பி, இந்த மழைக்கு நான் பிள்ளையாருக்குப் பொங்கல் நேர்ந்திருக்கிறன். வாற முகிலைத் திட்டாதேங்கோ."

மகளுக்கு இருப்பது இந்த ஒரு மாலை, இவர் மழைக்குக் கும்பிடுகிறார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

ஒருமுறை முகில் விலகியது. நிலவின் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தேன், பெண் கரிக்கட்டையாக வந்தாள். பெண்ணுக்கு வைத்தேன், நிலவு சுண்ணாம்பு அப்பியதுபோல் வந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை தன் ஃபோனை நீட்டினார். அதில் நிலவின் குழிகூடத் தெரிந்தது.

"என்ன அண்ணை, உங்கட பெரிய கமராவில இப்பிடி வரேல்லையே?"

அந்தப் படத்தில் உம்முடைய மனைவியின் முகம் எங்கே என்று கேட்டேன். பெரிதாக்கித் தேடினார். கிடைக்கவில்லை.

மழைக்காற்று எழும்பியது. போதும் என்று லென்ஸைக் கழற்றப் போனபோது மெல்லிய முகிலொன்று நிலவை மூடியது. நிலவின் வெளிச்சம் இறங்கியது. பெண்ணின் முகமும் நிலவும் ஒரே அளவு வெளிச்சத்தில் தெரிந்தன. மூன்று முறை அழுத்தினேன். மூன்றாவதில் அவள் நிலவைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நிமிடம் மழை கொட்டியது.

எல்லோரும் வான் வண்டிக்கு ஓடினோம். தகப்பன் மட்டும் நனைந்தபடி ஆறுதலாக நடந்து வந்து, படம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். மகளுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"படம் வந்தாப் பிறகு மழை வரட்டும் எண்டுதான் நேர்ந்தனான், தம்பி."

அவர்மேல் எரிச்சல்பட்ட எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது பறுவத்துக்குப் படம் கேட்டு வருகிறவர்களிடம், கொஞ்சம் முகில் இருந்தால் நல்லது என்கிறேன். இவருக்குத் தொழில் தெரியாது என்று வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.