பாஸ் அளக்கப் போன வீடுகள்

ஹோம் தியேட்டர் விற்பவர் கடையோடு நின்றுவிடுவார்; அது போடும் ‘டும் டும்’, அதாவது பாஸ், அறையில் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று மைக்கும் லேப்டொப்புமாகப் போய் அளந்து சரிசெய்வது என் வேலை. பக்கத்து வீட்டுப் படச் சத்தத்தில் நித்திரை குழம்பியவர்களுக்கு இது கொஞ்சம் விளங்கும்.

கிணறு

வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் சிவநேசன், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், பாஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபர், வாங்கியிருந்தார். “பாஸே இல்லைத் தம்பி, ஏமாத்திப்போட்டாங்கள்” என்றார். திருப்பிக் கொடுக்கப் பெட்டியும் எடுத்து வைத்திருந்தார்.

அவருடைய சோபாவில் மைக்கை வைத்தேன். லேப்டொப் திரையில், நாற்பது ஹேர்ட்ஸ் என்ற அடித்தொனியில், சத்தத்தின் அளவைக் காட்டும் கோடு கிணறு மாதிரி இறங்கியது. சோபா ஹோலின் நட்டநடுவில். சுவர்களில் பட்டுத் திரும்பும் சத்தம் அங்கேதான் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. அப்படியென்றால் பாஸ் எங்கேதான் போகிறது? மைக்கைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். குசினி மூலையில் கோடு எகிறியது. உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

“மூண்டு மாசமா இஞ்ச கோப்பையெல்லாம் ஆடுது தம்பி. இவர் கேக்கேல்லை எண்டு இன்னும் கூட்டுறார்.”

மோட்டர்

அளப்பதற்கு ஒரு சத்தம் போடுவோம். அடியிலிருந்து ‘ஊஊ’ என்று மெல்ல ஏறும். சிவநேசனின் சோபாவை இரண்டடி பின்னுக்குத் தள்ளி, அதை ஏழெட்டுத் தரம் போட்டேன். கிணறு பாதி தூர்ந்தது. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். மேல்வீட்டு அம்மா.

“தண்ணி மோட்டர் திக்குது போல. நிக்க முன்னம் நான் எல்லா வாளியும் நிரப்பிப்போட்டன்.”

பலகைத் தளம்

கொட்டாஞ்சேனையில் அன்டனி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பழைய மாடிவீடு, பலகைத் தளம். முப்பத்தைந்து ஹேர்ட்ஸில் ஒரு மலையே நின்றது. ஒவ்வொரு தொனியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் அதை வெட்டினேன். கோடு அழகாக நேரானது. எனக்குப் பெருமை.

அன்டனி புயல் படம் ஒன்று போட்டார். அவர் மனைவி ரெஜினா கீழே உட்கார்ந்து பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

“அவவுக்குக் காது கேக்காது. தரையில வர்றது நின்னுபோச்சாம்,” என்றார் அன்டனி.

காது இருக்கும் உயரத்தில் மட்டுமே நான் அளந்திருந்தேன். மைக்கை எடுத்து வைத்துவிட்டு நானும் பலகையில் கை வைத்தேன். வெட்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தேன். ஓரிடத்தில் என் உள்ளங்கை கூசியது. ரெஜினா சிரித்தார், கைகள் படபடவென்று பேசின. அன்டனி எனக்குச் சொன்னார்:

“மின்னல் அப்பவே வந்துருச்சாம், இடி இப்பதான் வருதாம்.”

கோட்டை நேராக்குவதுதான் என் பிழைப்பு. நேரான கோடு வேண்டும் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை.