நாலாவது வழியனுப்பு ஜெபம்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

ஊரில் ஒரு மனிதனை அக்கரைச் சீமைக்கு அனுப்பும்போது சபை கூடி ஒரு தடவை ஜெபம் செய்து வழியனுப்பும். எனக்கு நாலு தடவை செய்தார்கள். அதைக் கேட்டு இங்கே ரங்கூனில் சிரிக்காதவர் இல்லை. சிரியுங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேடிக்கை அல்ல. என் ஜெபம் ஒன்று, என் மனைவியின் ஜெபம் ஒன்று. அவற்றில் எது கேட்கப்பட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கிராமம் ஆழ்வார்குறிச்சிக்குக் கிழக்கே நடை தூரத்தில் இருக்கிறது. அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வாய்க்காலின் கடைமடையில் கொஞ்சம் நிலமும் உண்டு. தாமிரபரணிப் பக்கத்துக்காரனுக்குத் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பீர்கள். ஆற்றில் வெள்ளம் போனாலும் கடைமடைக்கு வந்து சேருவது மேல்மடைக்காரன் குடித்து மிஞ்சியதுதான். 1909-லும் 1910-லும் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கூலிக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இலங்கைக்கும் மலையாளத்துக்கும் கிளம்பிப் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள். பிள்ளைகள் குறைந்தால் வாத்தியார் சம்பளமும் குறையும். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது.

வீட்டில் மூன்று பிள்ளைகள். நடுவிலானவள் பொன்னி. அப்போது அவளுக்கு ஆறு வயது. ஒருநாள் சாப்பிடும்போது கவனித்தேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கிற பழக்கத்தையே அவள் விட்டுவிட்டிருந்தாள். கஞ்சியை வழித்துக் குடித்துவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு எழுந்து போனாள். 

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் தேவசகாயம் ரங்கூனிலிருந்து கடிதம் எழுதினார். அவர் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. ஆலையில் வேலை செய்கிற தமிழர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கப் போகிறார்கள், வாத்தியார் வேண்டும், நீ குடும்பத்தோடு வா என்று எழுதியிருந்தார். "இங்கே கூலிக்காரன் வீட்டிலும் மூன்று வேளையும் நெல்லுச் சோறு" என்று ஒரு வரி. அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது.

நான் வாத்தியார் அல்லவா? எதையும் எழுதிப் பார்க்காமல் எனக்குப் புத்தி ஓடாது. பழைய ஆஜர்ப் பட்டியலின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு கிழித்தேன். இடது பக்கம் போவதற்கான காரணங்கள், வலது பக்கம் இருப்பதற்கான காரணங்கள். அரிசி மலிவு, மீன் மலிவு, விறகு மலிவு, நிலையான வேலை என்று இடது பக்கம் வேகமாக வளர்ந்தது. வலது பக்கத்தில் பாஷை தெரியாது, மழையும் காய்ச்சலும் அதிகம், கப்பல் பயணம், ஆற்றுத் தண்ணீர் என்று எழுதினேன். ஆற்றுத் தண்ணீரை எழுதிவிட்டு, இது ஒரு காரணமா என்று நானே அடித்தேன். மறுநாள் திரும்ப எழுதினேன்.

தினமும் விடியற்காலையில் முழங்காலில் நின்று அந்தப் பட்டியலைக் கர்த்தருக்கு வாசித்துக் காட்டுவேன். "உமக்குச் சித்தமில்லையானால் வழியை அடைத்துப்போடும்" என்று முடிப்பேன். நாலடி தள்ளி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த என் மனைவி அன்னம்மாளுக்கு ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை. வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. போகிறோம் என்று சொன்னேன். "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லோடு காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

1911 சித்திரையில் சபை கூடி முதல் ஜெபம் செய்தார்கள். எங்கள் ஊர்க் கோயில் பனையோலை வேய்ந்தது. சுவர் இடுப்பளவுதான். சபையாரும் எங்களைப் போலத்தான் அரைவயிற்றுக்காரர்கள். ஆனாலும் ஒருத்தர் முறுக்குக் கொண்டுவந்தார், ஒருத்தர் கருப்பட்டி, ஒருத்தர் புதுப் பாய். மறுநாளே மூத்தவனுக்கு மணல்வாரி அம்மை கண்டது. பயணம் நின்றது. முறுக்கைத் தின்று தீர்த்தோம். வைகாசியில் இரண்டாவது ஜெபம். கிளம்புகிற நேரத்தில், கட்டிடம் முடியவில்லை, கொஞ்சம் பொறு என்று அண்ணன் கடிதம் வந்தது. மறுபடியும் தின்றோம். சபையை நடத்துகிற எங்கள் உபதேசியார் கோபப்படத் தெரியாத மனிதர். அவரே என்னைத் தெருவில் நிறுத்தி, "வாத்தியாரே, இந்தத் தடவையாவது போயிரும் வே. எங்க வீட்டுல மாவு தீந்து போச்சு" என்றார்.

ஆடி மாதம் பயணச்சீட்டுக்கு வழி பண்ணி அண்ணன் எழுதிவிட்டார். நிலத்தை வாங்க ஆளும் வந்தது. வழி அடைபடவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனது. ஆனால் எனக்கு மனதில் சமாதானம் இல்லை. வழியை அடைத்துப்போடும் என்று நான் கெஞ்சியது சித்தத்தை அறிய அல்ல. எனக்குப் பயம், அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். இரண்டு தடவை ஊர் முறுக்கைத் தின்றவன் எப்படிப் போகவில்லை என்று சொல்வான்?

மூன்றாவது ஜெபத்துக்கு ஞாயிறு சாயங்காலம் கூடினோம். உபதேசியார் ஜெபித்துவிட்டு, "போற சகோதரியும் ரெண்டு வார்த்த ஜெபிக்கட்டும்" என்றார். அன்னம்மாள் சபையில் வாய் திறந்து ஜெபித்ததே இல்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆண்டவரே, நாங்க போறோம். இவுகளும் மூணு பிள்ளைகளும் எங்கூட வாராவ. செல்வமணியும் கிருபையும் இங்கனதான் இருக்காவ, கெழக்கு வேலியோரம். மழ பேஞ்சா தலமாட்டு மண்ணு கரையும், நாந்தான் அள்ளிப் போடுவேன். ஆடு வந்து மிதிக்கும், நாந்தான் வெரட்டுவேன். இனிமே யாரு பாப்பாவன்னு எனக்குத் தெரியல. நீர் பாத்துக்கிடும். ஆமென்."

செல்வமணியும் கிருபையும் எங்களுக்குப் பிறந்து இறந்துபோன பிள்ளைகள். 1908-ல் வாந்திபேதியில் ஒரே வாரத்தில் இரண்டையும் கொடுத்தோம். சனிக்கிழமைதோறும் அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்த இரண்டு மேடுகளையும் பெருக்குவாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் பட்டியலில் அது இல்லை. ஆற்றுத் தண்ணீரை எழுதிய கை, பெற்ற பிள்ளைகளை எழுதவில்லை.

 எழுந்து நின்றேன். "சபையார் மன்னிக்க வேண்டும். நான் போகவில்லை" என்றேன். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நெசமாத்தான் சொல்லுதீரா வே?" என்று கேட்டார். நிஜமாகத்தான் என்றேன். அன்று என்னைப் போல நல்ல புருஷன் திருநெல்வேலிச் சீமையில் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

 மறுநாள் காலையில் அன்னம்மாள் உலையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நா போவ மாட்டேன்னு ஒங்ககிட்ட சொன்னேனா?"

"இல்லளா, நீ ஜெபத்துல..."

"நாங்க போறோம்னுதான ஆரம்பிச்சேன்? அழுது முடிச்சி, மனச ஆத்தி, ரெண்டையும் ஆண்டவர்கிட்ட ஒப்படச்சிட்டு வந்து உக்காந்தேன். நீங்க எந்திரிச்சி எல்லாத்தையும் கலச்சிட்டிய. செத்த பிள்ளைகளுக்கு மண்ணு அள்ளிப் போடலாம். உசுரோட இருக்கதுக்கு எத அள்ளிப் போட?"

 அவள் நிறுத்தவில்லை.

"போவணும்னு சொன்னப்பவும் என்னக் கேக்கல. போவலன்னு சொன்னப்பவும் என்னக் கேக்கல."

சகோதரரே, பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இந்த இரண்டு வரியைப் போல எதுவும் என்னைக் குத்தியதில்லை. ஆஜர்ப் பட்டியலை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். பாளையங்கோட்டையில் மிஷன் போர்டிங்கில் படித்தவள். விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"அரிசி மலிவுன்னு எழுதியிருக்கிய. உப்பும் புளியும் நல்லெண்ணெயும் அங்க என்ன வெலன்னு அண்ணாச்சிகிட்ட கேட்டியளா? சோத்த மட்டுமா திங்கது?"

கேட்கவில்லை.

"நெலத்த ஏன் விக்கிய? அங்க ஒத்து வரலன்னா எங்க வந்து நிக்க? வெளச்சல்ல பங்கு பேசி வாரத்துக்கு விடுங்க. மூணு வருசம்னு ஒரு கெடு வையுங்க. அதுக்கப்பறம் திரும்ப ஒக்காந்து பேசுவோம்."

அதுவும் எனக்குத் தோன்றவில்லை. காய்ச்சல் வந்தால் வைத்தியம் பார்க்க யார் என்று கேட்டாள். பொம்பளைகள் பேச்சுத்துணைக்குத் தமிழ்க் குடும்பங்கள் பக்கத்தில் உண்டா என்று கேட்டாள். நான் மாதக்கணக்கில் எழுதிய பட்டியலை அவள் ஒரு காலைப்பொழுதில் திருத்திவிட்டாள். கடைசியாக வலது பக்கத்தில் தன் கையாலேயே இரண்டு பெயர்களை எழுதினாள். "இதுக்கு அண்ணாச்சி பதில் எழுத முடியாது. இத ஆண்டவர்தான் பாக்கணும்" என்றாள். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் முதல் தடவையாகச் சேர்ந்து முழங்காலில் நின்றோம். வழியை அடைத்துப்போடும் என்றும் கேட்கவில்லை, திறந்துவிடும் என்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு பெயர்களை மட்டும் சொன்னோம்.

அண்ணனுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினேன். பதில் வருவதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, அன்னம்மாள் விளக்குமாறு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடக்கத்துக்குப் பிறகு நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கிழக்கு வேலியோரம் பேச்சி நின்றுகொண்டிருந்தாள்.

பேச்சி எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. சுடலைமாடனைக் கும்பிடுகிற குடும்பம். ஆடு மேய்த்துப் பிழைக்கிற ஒண்டிக்கட்டை. அவளுடைய ஆடுகள்தான் அந்த மேடுகளை மிதிக்கும். அதற்காக அவளுக்கும் என் மனைவிக்கும் இரண்டு வருஷமாகச் சண்டை. ஒருத்தி மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள், ஒருத்தி கம்பை ஓங்கியிருக்கிறாள். எதிரே வந்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அன்றும் சண்டைக்குத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

பேச்சி வேலியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு ஒங்க கோயில் செவுத்துக்கு வெளிய ஆட்ட மடக்கிக்கிட்டு நின்னேன். நீ சாமிகிட்ட சொன்னது கேட்டுச்சு."

அன்னம்மாள் குனிந்து மேட்டைப் பெருக்கத் தொடங்கினாள்.

"ஆட்ட நாந்தான மேய்க்கேன்? நா பாத்துக்கிடுதேன் வாத்தியாரம்மா. ஒரு ஆட்டுக் கொளம்பு படாது. நீ போயி உசுரோட இருக்கதுகளுக்குச் சோறு போடு."

என் மனைவி பெருக்குவதை நிறுத்தி விளக்குமாற்றைத் தட்டினாள். பிறகு அதைப் பேச்சியிடம் நீட்டினாள். பேச்சி வாங்கிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். நானும் அழுதேன். நீர் பாத்துக்கிடும் என்று அவள் கேட்டதற்குக் கர்த்தர் சபையிலிருந்து ஆள் தேடவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு சுவருக்கு வெளியே நின்றவளை எழுப்பினார்.

அண்ணன் பதில் வந்தது. உப்பு மலிவு, புளிதான் விலை அதிகம், கொண்டு வா. பக்கத்தில் ஏழு தமிழ்க் குடும்பங்கள் உண்டு என்று எழுதியிருந்தார். நிலத்தை வாரத்துக்கு விட்டோம். புரட்டாசியில் நாலாவது ஜெபம் நடந்தது. உபதேசியார் ஆமென் சொல்லும் முன்பே பெண்கள் பக்கத்தில் சிரிப்புக் கிளம்பிவிட்டது. முறுக்கு யாரும் கொண்டுவரவில்லை. ஆளுக்கு ஒரு உருண்டை புளி கொண்டுவந்தார்கள்.

நாங்கள் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. கஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன். முதல் மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டு பிழைத்தேன். தண்ணீர் எனக்கு இன்னும் ருசிக்கவில்லை. ஆனால் பொன்னி இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்கிறாள். சில நாள் மூன்றாவது தடவையும் கேட்கிறாள். கெடு முடிய ஒரு வருஷம் இருக்கிறது. அப்போது போவதா இருப்பதா என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து பேசுவோம் என்பது மட்டும் தெரியும்.

போன மாதம் உபதேசியாரிடமிருந்து கடிதம் வந்தது. பேச்சி கல்லறைத் தோட்டத்துக் கிழக்கு ஓரம் முழுக்க முள் வெட்டி வேலி அடைத்துவிட்டாளாம். சனிக்கிழமை தவறாமல் வருகிறாளாம். அன்னம்மாளுக்கு என்ன எழுத வேண்டும் என்று இவர் கேட்டதற்குப் பேச்சி சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். அந்த இடத்தை நான் வாசிக்கவில்லை. கடிதத்தை அன்னம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

பிரியமானவர்களே, நீங்களும் போவதா இருப்பதா என்று தவிக்கிறவர்களாக இருக்கலாம். கர்த்தரை நம்பிக் கேளுங்கள், கேட்கிறவர் அவர். ஆனால் முழங்காலில் நிற்கும் முன் அடுப்படிக்கு ஒரு தடவை போய் வாருங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத பெயர் அங்கேதான் இருக்கும்.

அன்று கடிதத்தில் இருந்த பேச்சியின் வரியை அன்னம்மாள் சத்தமாக வாசித்தாள். "பிள்ளைக ரெண்டும் நல்லா இருக்குதுகன்னு எழுதும்."